மாமனார் வீட்டைப் பார்த்து ஒரு குழாய்

அந்த நாட்களில் தென்காசியில் என் குரலைக் கேட்காதவர்கள் என்றால் ஒன்று காது கேளாதவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் செத்துப்போனவர்களாக இருப்பார்கள். செத்தவர்களில் சிலருக்கும் கேட்டிருக்கும் என்பது என் மனைவியின் கட்சி.

நான் மைக் செட் கடை வைத்திருந்தேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை விழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் கூம்புக் குழாய்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். வேப்பமரமோ தென்னையோ எது உயரமோ அதில் குழாயைக் கட்டி, ஊர் எழுந்து பல் விளக்குவதற்குள் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஹலோ" என்று ஆரம்பித்துவிடுவேன். அந்த மூன்று சொல்லுக்கு மேல் எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அதைச் சொல்லும்போது வந்த கம்பீரத்தில், நான் காலேஜ் வரை போனவன் என்று நம்பித்தான் என் மாமனார் பெண் கொடுத்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் பஸ் ஸ்டாண்டு. பக்கத்தில் இரும்புப் பட்டறை. பழுது பார்த்த செட்டை வெளியூருக்கு அனுப்புமுன் கடையிலேயே ஒரு முறை முழு வேகத்தில் வைத்துப் பார்ப்பது என் தொழில் சுத்தம்.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பிள்ளை, விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டே வளர்ந்தான். ஆண்டவன் என்னைவிடப் பெரிய கேலிக்காரன் என்பதை நான் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

இன்று அதற்கு ஆட்டிசம் என்று டாக்டர்கள் பெயர் சொல்கிறார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் அப்படி ஒரு பெயர் வந்து சேரவில்லை. பெயர் இல்லாத பிள்ளையைப் பார்த்தால் ஊருக்குக் கை அரிக்கும் அல்லவா, ஆளுக்கொன்று வைத்தார்கள். எதிர்க்கடை ஜவுளிக்காரர் மந்தம் என்றார். அவர் வீட்டம்மா தோஷம் என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாக்கு நல்லாத்தானே இருக்கு" என்றார். நாக்கில் குறை என்று நாங்கள் யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை.

அவன் யார் முகத்தையும் பார்க்க மாட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கையைச் செம்பின்மேல் வைப்பான். என்னிடம் கேட்கிறான் என்று நினைத்து நான் குனிந்து சிரித்தால், அவன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். கரண்டியைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? வெள்ளையாக இருந்தால்தான் சாப்பிடுவான். இட்லி, தயிர்ச்சோறு, தேங்காய். இட்லியில் ஒரு கடுகு ஒட்டியிருந்தால் அந்த இட்லி அவனைப் பொறுத்தவரை கெட்டுப்போன இட்லி. ஆம்ப்ளிஃபயரில் எரிந்துபோன கண்ணாடி வால்வுகளை நான் தூக்கிப் போட்டால், அவற்றை எடுத்துக் கொண்டுபோய் உயரவாரியாகச் சுவரோரம் வரிசை வைப்பான். நான் வைத்த கடையை விட அவன் வைத்த கடை ஒழுங்காக இருக்கும்.

கடைத்தெருவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே வழியில், ஒரே ஓரமாகப் போக வேண்டும். வழியில் வண்டி நின்றால் அது நகரும்வரை நாங்களும் நிற்போம். சுற்றிக்கொண்டு போகலாம் என்று நான் ஒரு எட்டு வைத்தால் தரையில் விழுந்து கத்துவான். ஒரு நாள் ஒரு காளை மாட்டின் பின்னால் அப்படி நெடுநேரம் நின்றோம். நான் மாட்டைப் பார்த்து மலைத்துப் போய் நிற்கிறேன் என்று நினைத்து ஒரு தரகர் வந்து, பேச்சே இல்லாமல் என் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்துவிட்டார். பதிலுக்கு எந்த விரலைப் பிடிப்பது என்று தெரியாமல் நான் முழித்ததில் மாட்டின் விலை இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் வாங்கியிருப்பேன்.

பேச்சு வரவில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் பேச்சும் வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, என் குரலில், என் ஏற்ற இறக்கத்தில், தெளிவாகச் சொன்னான்: "ஹலோ, மைக் டெஸ்டிங், ஹலோ."

நான் குதித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். என் மனைவி மாவு வழியும் கையோடு வந்து கேட்டாள்.

"அம்மான்னு சொல்லல, அப்பான்னு சொல்லல. மைக் டெஸ்டிங்னு சொல்லுதான். இதுக்கா குதிக்கீங்க?"

"தொழிலைக் கத்துக்கிடுதான்லா."

"ஆமா. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதாதா."

அந்த ஆனி மாதம் சாரல் நன்றாகப் பிடித்தது. குற்றாலத்தில் சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்தித் தெளிய வைப்பது வெகுகாலமாக நடப்பது. எங்கிருந்தெல்லாமோ ஆட்களைக் கூட்டி வருவார்கள். நாலு மைலில் இருந்துகொண்டு நாங்கள் இன்னும் கூட்டிப் போகவில்லை என்பது எங்கள் தெருவுக்கே அவமானமாகிவிட்டது. எல்லாவற்றையும் கேலி செய்கிற எனக்கு இதில் மட்டும் கேலி வரவில்லை. கூட்டம் சேருமுன் விடியற்காலையில் குதிரை வண்டி பிடித்துப் போனோம்.

முதலில் எண்ணெய்க் குளியல் என்றார்கள். எண்ணெய் தேய்ப்பவர் நல்ல தேகக்கட்டு உள்ள ஆள். பையனின் உச்சியில் கை வைத்தார். பையன் அந்தக் கையைக் கடித்தான். அவர் கையை உதறிக்கொண்டே, "அண்ணாச்சி, பிள்ளைக்கு எண்ணெய் வேண்டாம். எனக்கு மஞ்சப்பொடி இருந்தா குடுங்க" என்றார்.

அருவிக்குக் கீழே அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் விழுந்தாலே சுருண்டுகொள்கிற பிள்ளை. இங்கே பேரருவி பாறையில் விழுகிற இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. என் குரல் எனக்குக் கேட்காமல் போனது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நீர்த்திவலை எங்கள்மேல் அடித்தது. அவன் இரண்டு கையையும் காதிலிருந்து எடுத்தான். என் இடுப்பில் இருந்தபடியே அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை, நெளியவில்லை. என் மனைவி ஈரச்சேலையோடு நின்று என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அழுதாளா, அருவித் தண்ணீரா, தெரியாது.

நிற்காமல் ஒரே மாதிரி விழுகிற சத்தம் அவனை ஒன்றும் செய்யாது, திடீரென்று வெடிக்கிற சத்தம்தான் கொல்லும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்த விஷயம். அன்று எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: பிள்ளை குணமாகிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இலத்தூருக்கு ஆள் விட்டு மாமனாரை வரச் சொன்னேன்.

மாமனார் இலத்தூரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். ஊர் அம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். மறுநாளே வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்து கடையில் உட்கார்ந்தார். பையன் உள்ளே வால்வுகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தான்.

"இப்பப் பாருங்க மாமா" என்றேன். சொல்லிவிட்டு, புதிதாகப் பழுது பார்த்த செட்டின் சுவிட்சைத் தட்டிச் சத்தக் குமிழைத் திருகினேன்.

குழாய் ஒரு முறை கீச்சென்று வீறிட்டது. பையன் எழுந்து சுவரில் தலையை மோதினான். நான் சுவிட்சைத் தேடி அணைப்பதற்குள் மறுபடியும் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. அவன் அம்மா ஓடி வந்து அவனை மடியில் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமனார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மாப்ளே, நான் இத்தனை நாளும் வாயைத் தொறக்கல. குழாயை வச்சு நீருதான் பிள்ளை புத்தியைக் கலக்கிட்டேரு. அருவிச் சத்தத்துல சும்மா இருந்தாம்லா? அது சாமி குடுத்த சத்தம். உம்ம சத்தம்தான் அவனுக்கு ஆகல. எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல" என்றாள். "அங்கன அவன் நல்லா இருந்தாம்னா நாங்க அங்கனயே இருந்துக்கிடுதோம். நல்லா இல்லைன்னா திரும்பி வாரோம். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"கடையை வேற இடத்துக்கு மாத்துதேன்."

"பஸ் ஸ்டாண்டை எங்க மாத்துவீங்க? பட்டறையை?"

அவர்கள் போன பிறகு வீட்டில் ஒரு அமைதி இருந்தது பாருங்கள், அப்படி ஒரு அமைதியை நான் எந்தச் செட்டிலும் கேட்டதில்லை. சுவரோரம் வால்வு வரிசை அப்படியே இருந்தது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினேன். இட்லிக்கு மாவரைக்கத் தெரியாமல் ஓட்டலில் சாப்பிட்டேன். ஓட்டல் இட்லியில் கடுகு ஒட்டியிருந்தால் நானும் ஒதுக்க ஆரம்பித்தேன்.

வாரத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் இலத்தூர் போவேன். தெருமுனையிலேயே மணி அடிக்காமல் இறங்கிவிட வேண்டும். உள்ளே போனால் இருமக்கூடாது. மாமனார் விரலை உதட்டில் வைத்துக்கொண்டே "வாங்க மாப்ளே" என்பார். பையன் பின்கட்டில் புளியங்கொட்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருப்பான். நெற்றிக் காயம் ஆறிவிட்டது. பல நேரம் கைகள் காதில் இல்லை. ராத்திரி தூங்குகிறான் என்றாள் மனைவி. அவளுமே கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். பட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, வரும் வழியெல்லாம் எதிர்காற்றைத் திட்டிக்கொண்டு வந்தேன். காற்று பின்னாலிருந்துதான் அடித்தது.

ஆடி பிறந்தது. கோயில் கொடைகளுக்கு நாள் குறித்தார்கள். என் கடைக்கு ஆள் வரத்து அதிகமானது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இலத்தூர் அம்மன் கொடைக்கு மைக் செட் என்னுடையது. மாமனாரே பங்குனியில் வந்து தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மனுக்கென்று வைத்த வெற்றிலையை வாங்கிவிட்டால் பின்வாங்கக் கூடாது. அதுவும் மருமகன் பின்வாங்கினான் என்றால் ஊர் சிரிக்கும்.

உடனே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவரிடம் தணிந்த குரலில் சொன்னேன்.

"மாமா, கொடைக்கு நம்ம செட்டுல்லா. பிள்ளை இருக்காம்லா."

"அதுக்கென்ன?"

"சத்தம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வே, அது சாமி சத்தம். சாமி சத்தம் ஒண்ணும் செய்யாது. குற்றாலத்துல நீரே பாத்தீருல்லா?"

"கோயில் தள்ளி, குளத்தங்கரைல இருக்கு. மேளச் சத்தம் இங்கன அவ்வளவாக் கேக்காது. குழாயை மட்டும் வயக்காட்டைப் பாத்துக் கட்டிருதேன்."

"எல்லாக் குழாயையும் எங்கயும் பாத்துக் கட்டும். நம்ம வீட்டைப் பாத்து ஒண்ணு எதுத்த வேம்புல வரணும். வருசா வருசம் வாரதுதானே. தலைவர் வீட்டைப் பாத்து ஒரு குழாய் இல்லைன்னா எனக்கு என்ன மரியாதை?"

இதற்கு மேல் அவரிடம் பேசியும் பயனில்லை. எங்கள் பக்கம் கொடையில் எந்தக் குழாய் யார் வீட்டைப் பார்க்கிறது என்பதில் வெட்டுக்குத்து வரை போயிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் காது கிழிய வேண்டும். கிழியாவிட்டால் அவர் சின்னவர்.

திரும்பி வரும்போது பாதி வழியில், ஒரு பாலத்துச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். கணக்கு சுலபமாக இருந்தது. மாமனார் சொன்னபடியே கட்டினால் போதும். நான் ஒரு தப்பும் செய்ததாக ஆகாது. குழாய் கத்தும், பையன் சுவரில் மோதுவான், இலத்தூரும் அவனுக்கு ஆகாத ஊர் என்று ஆகிவிடும், என் மனைவி சொன்ன சொல் மாறாதவள், துணியை மடித்துக்கொண்டு வந்துவிடுவாள். என் வீட்டில் மறுபடியும் மாவரைக்கிற சத்தம் கேட்கும். ஒரு குழாய், ஒரு வேம்பு, ஒரு முழம் கயிறு. பிறகு அந்த நெற்றி ஞாபகம் வந்தது. எழுந்து சைக்கிளை எடுத்தேன்.

கொடையன்று விடியுமுன் இலத்தூர் போய்ச் சேர்ந்தேன். கோயிலைச் சுற்றியும் வயக்காட்டைப் பார்த்தும் குழாய்களைக் கட்டினேன். மாமனார் வீட்டுக்கு எதிர்த்த வேம்பில் இருப்பதிலேயே பெரிய குழாயை, அலுமினியம் பளபளக்கத் துடைத்து, அவர் வாசலைப் பார்த்துக் கட்டினேன். அதிலிருந்து வயரை மரத்தோடு இறக்கி, அடியில் வேரிடுக்கில் செருகி மண்ணைத் தள்ளினேன். வயர் அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு கோயிலுக்குப் போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கில் ஹலோ சொல்லவில்லை. விரலால் தட்டிப் பார்த்துவிட்டு நேரே இசைத்தட்டைப் போட்டேன்.

மாமனார் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டு, குழாயைப் பார்த்து உட்கார்ந்தார். வயக்காட்டுப் பக்கமிருந்து பாட்டு மெல்லிசாக வந்தது. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அதை ஒரு குழாயில் இணைத்திருந்தால் ஊருக்கே கேட்டிருக்கும். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"மாப்ளே, இந்த வருசம் குழாய் புதுசா?"

"ஆமா மாமா."

"அதானே பாத்தேன். மத்த குழாயெல்லாம் கரகரங்கும். இது என்ன இதமா இருக்கு. காதுக்கே தெரியல."

மத்தியானம் என் மனைவி தூக்குச்சட்டியில் சோறு கொண்டு கோயிலுக்கு வந்தாள். செட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையைப் போட்டாள். பாட்டு நின்று தட்டு மாற்றுகிற இடைவெளியில்தான் பேச முடிந்தது.

"வேம்படியில கோழி மண்ணைக் கிண்டிட்டு" என்றாள். "வயர் நுனி வெளிய தெரிஞ்சது. மறுபடியும் மூடிட்டு வந்தேன்."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"பிள்ளை தூங்குதான்" என்றாள். "அந்தக் குழாய் பாடியிருந்தா நாளைக்கு நாங்க தென்காசிக்கு வந்திருப்போம். தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சா செய்தீங்க?"

"வயர் பத்தல."

அவள் சிரிக்கவில்லை. மோரை ஊற்றினாள். வழக்கத்தைவிட அதிகமாக ஊற்றிவிட்டாள், இலை தாண்டி ஓடியது.

மறுநாள் குழாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாமனார் வாசலில் நாலு பேர் கூடியிருக்கப் பேசினார். கொடைச் சத்தம் முழுவதும் வாசலில் நேரே விழுந்தும் பேரன் அசையவில்லை, அம்மன் பார்த்துவிட்டாள், இனி அவன் இந்த ஊர்ப் பிள்ளை, இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன் என்றார். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் தலைவர் வீட்டைப் பார்த்து ஊமைக் குழாய் கட்டியவன் என்று என்னை அந்த வேம்பிலேயே கட்டியிருப்பார்கள். அவருடைய மரியாதையைக் காப்பாற்றியதில் என் குடும்பம் போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, நானும் இங்கன வந்துரட்டா?"

"எங்கன?"

"இந்த வீட்டுக்கு. பகல்ல கடைக்குப் போயிட்டு ராத்திரி வந்துருதேன்."

அவர் திகைத்துப் போனார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் அன்றைக்கு ஆண்களுக்குள் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. பெண் கொடுத்தவரே சங்கடப்படுவார்.

"நாலு பேரு சிரிப்பாம்வே."

"சிரிக்க வைக்கதுதானே மாமா என் வேலை."

அவர் தூணைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். கதவுக்குப் பின்னால் என் மனைவி நிற்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"வாரும்" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. வீட்டுக்குள்ள அந்த ஹலோ வரப்பிடாது."

தென்காசியில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஜவுளிக்காரர், மாமனார் வீட்டில் காலையில் பலகாரம் என்ன என்று தினமும் விசாரித்தார். அவர் விசாரிக்காமல் விட்ட நாளில் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

குடிபோன அன்று சாயங்காலம் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இலத்தூர் வீட்டுப் பின்கட்டில் நுழைந்தேன். மாமனார் மச்சு அறையை ஒழித்து எனக்கென்று பாய் விரித்து வைத்திருந்தார். மூச்சு வாங்கியதால் பெட்டியைப் பின்கட்டிலேயே இறக்கினேன். பையன் கத்தினான். புளியங்கொட்டை வரிசை போக வேண்டிய வழியில் இறக்கிவிட்டேன் போலிருக்கிறது. பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்தினேன். கத்தினான். சுவரோரம் நகர்த்தினேன். அதற்கும் கத்தினான். உரல் பக்கத்தில் வைத்தபோது நிறுத்தினான். கிட்டே வந்து, பெட்டியின் மூலை சுவருக்கு நேராக வரும்படி தள்ளினான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பெட்டிக்கு அடுத்தாற்போல என்னை உட்கார வைத்தான். தள்ளி நின்று வரிசையைச் சரிபார்த்தான்.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சுல பாய் விரிச்சிருக்கு" என்றாள்.

"அதை இங்கன எடுத்துப் போடு" என்றேன், குரலைத் தாழ்த்தி.